மல்லிகா அக்காவின் போன் கூவிய காலை

எங்கள் லேஅவுட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி. தெரிந்தேதான் கூண்டு கட்டினேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு யாரிடமும் பேசாதிருந்த என் மனைவி, அன்னூரில் தங்கை வீட்டுக் கோழிகளிடம் மட்டும் பேசினாள். அங்கிருந்தே நான்கு பெட்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்தேன். கொல்லையில் அளவெடுத்துக் கம்பிவலை அடித்தேன். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா சுத்த சைவம். எங்கள் மரத்து இலை அவர் வாசலில் விழுந்தாலே புகார் செய்வார். அவர் கண்ணில் படாதிருக்க மதில்மேல் பச்சை வலையும் கட்டினேன்.

பெட்டை என்று நம்பியதில் ஒன்று சேவலாகி, ஒரு காலையில் கூவிவிட்டது. சங்கச் செயலாளர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, கோழி வெச்சிருக்கறீங்களா?"

மல்லிகா அக்கா தன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"அது என்ற போனுங்க!"

கையிலிருந்த போனை அழுத்தினார். அது சேவல்போலக் கூவியது. உடனே கொல்லையிலிருந்து என் சேவல் பதிலுக்குக் கூவியது.

செயலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எதிர்த்துப் பேசற போனை மட்டும் ஊருக்கு அனுப்பிப்போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உங்களுக்கு எப்படிங்கக்கா தெரியும்?" என்றேன்.

"அம்மணி கோழிககிட்டப் பேசறது தெனமும் கேக்குதுங்க. அது நின்னுபோயிரக் கூடாதில்லீங்க?"

அன்று மாலையே சேவல் அன்னூருக்குப் போனது. அதை விட்டுவிட்டுத் திரும்பியதும் பச்சை வலையை அவிழ்த்தேன். யாருக்குப் பயந்து அதைக் கட்டினேனோ, அவர்தான் இத்தனை நாளும் என் மனைவியின் குரலைக் காத்து வந்திருக்கிறார்.