மாமியும் நானும் துத்தநாகம் பார்த்தது

எழுபதுகளின் கடைசியில், பெங்களூரில் ஆராய்ச்சி பாதியில் நிற்கும்போதே கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன். கணவருக்குப் புதுத் துறைமுகத்தில் வேலை. மாமி, அதாவது என் மாமியார், ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

துத்தநாகத்தின் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுதான் என் ஆராய்ச்சி. துத்தநாக உப்புக் கரைசலைப் பெரிய காந்தத்தின் நடுவே வைத்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் அணுக்கருக்கள் லேசாகப் பதில் கொடுக்கும். நூறு துத்தநாக அணுக்களில் நான்கைந்துதான் அப்படிப் பதில் கொடுக்கக்கூடியவை. மணிக்கணக்கில் கேட்டுச் சேர்த்தால்தான் இரைச்சலிலிருந்து அது பிரிந்து வரும்.

பெங்களூர் ஆய்வகத்தின் காந்தக் கருவியில் எனக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருப்பதாகத் தகவல் வந்தபோது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி.

"கப்பல்ல உப்பு ஏத்துற நேரம். எனக்கு லீவு தர மாட்டாங்களே," என்று கணவர் தயங்கினார்.

"நான் கூடப் போறேன். எனக்கு லீவு கெடக்கு," என்றார் மாமி, சோற்றைப் பிசைந்தபடியே.

பெங்களூரில் மாமி, காந்தம் கெடுத்துவிடும் என்று நான் சொன்னதால், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் கருவியின் பேனா கோடு வரைந்த காகிதத்தில் வெறும் இரைச்சல், புல் முளைத்த மாதிரி. இரண்டாம் நாளும் அதேதான். வாந்தி வேறு. வெளியே வந்து மாமி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் தமிழர், நல்லவர். "அவசரமில்லம்மா. பிரசவம் முடிஞ்சு வந்து பாருங்க," என்றார்.

மாமி எழுந்து நின்றார். "ஐயா, பிள்ள பொறந்த பொறவு இவள யாரு இம்புட்டுத் தூரம் அனுப்புவா? நானே அனுப்புவனோ என்னமோ. இப்பமே பாத்துரட்டும்."

பேராசிரியர் கருவி நேரம் குறித்த நோட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, மறுநாள் தனக்கு ஒதுக்கியிருந்த நேரத்தை எனக்குக் கொடுத்தார்.

அன்று மாலையே வேறு துத்தநாக உப்பை எடுத்து, இன்னும் செறிவாகக் கரைத்துவைத்தேன். மறுநாள் மத்தியானம் பேனா கோடு கிழித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் மெல்ல மேலேறி இறங்கியது. மாமியை உள்ளே கூப்பிட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "எதுளா?"

விரலால் காட்டினேன்.

"இம்புட்டுதானா? நான் என்னமோ மலை மாதிரி வரும்னுல்லா நெனச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அழாதளா. அதான் வந்துட்டுல்லா."

நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மகள் பிறந்தாள். அதன் பிறகும் இரண்டு முறை பெங்களூர் போனேன். மாமி சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வன்று கணவரும் வந்திருந்தார். மாமி முன்வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டார். தேர்வாளர்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது குழந்தை சிணுங்கியது. யாரோ திரும்பிப் பார்த்தார்கள். மாமி எழுந்து வெளியே போகவில்லை. பேத்தியை மடியில் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டே, நான் சொல்லும் பதிலைக் கவனித்துக்கொண்டிருந்தார்.