மூன்றாவது வண்டி

திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் மார்கழிப் பனி. சட்டைப்பையில் சென்ட்ரலுக்கு எடுத்த அட்டை டிக்கெட். கோதுமையும் பாலும் எனக்கு ஆகாது. வழியில் கிடைத்ததெல்லாம் பன்னும் டீயும்தான், நேற்று மதியத்திலிருந்து பட்டினி. பிளாட்பாரத்தை ஒட்டி ஒரு பெண் கொண்டைக்கடலையும் சேனைக்கிழங்கும் வேகவைத்து விற்கிறாள்.

"எப்பக்கா ஆகும்?"

"மொத வண்டி வரசொல்ல கடலய வெச்சேன். ரெண்டாவதுக்கு கெழங்கப் போட்டேன். மூணாவது வந்தாதான் எறக்குவேன் நைனா. அதுவரிக்கும் மூடியத் தொட மாட்டேன்."

சீரக வாசம் பனியில் மிதக்கிறது. ஆவிக்குள் தண்டவாளமும் வேப்பமரமும் மெல்லக் கரைகின்றன. நின்றபடியே கண் சொக்குகிறது.

ஹாரன் கேட்கிறது. அவள் சட்டியை இறக்கி, மந்தாரை இலையில் அள்ளி நீட்டுகிறாள். அப்போதுதான் எனக்கு உறைக்கிறது, நான் காத்திருந்த ரயிலும் அதுதான்.

"வண்டி வந்துகினு கீது, நீ ஏறலியா?"

"என் வண்டி இது இல்லக்கா" என்று இலையை வாங்கிக்கொள்கிறேன்.