எண்பத்திரண்டு டிகிரி

எனக்குப் பேய், பிசாசு, ஆவி ஒன்றிலும் நம்பிக்கை கிடையாது. இருபத்தேழு வருடமாக எஞ்சினுக்குள் கையை விட்டுச் சாப்பிடுகிறவன் நான். கொதித்தால் ஒரு காரணம் இருக்கும், புகைத்தால் ஒரு காரணம் இருக்கும், கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் மெக்கானிக் சரியில்லை, அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பாதியில் நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

லண்டன் எட்மண்டனில் என் கராஜுக்கு இரண்டு தெரு தள்ளி நடேசண்ணை இருந்தார். ஒரு பழைய டீசல் லொறி வைத்துக்கொண்டு தமிழ்க் கடைகளுக்கு மரக்கறியும் அரிசி மூட்டையும் ஏற்றி இறக்குவார். ஒரு கோடையில் லொறி கொதித்துவிட்டது என்று கொண்டுவந்தார், நானும் யாழ்ப்பாணத்தில் பழகியபடி தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். நாங்கள் அதை வால்வு என்போம். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான், எஞ்சின் சூடாகும் வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறித்து வைக்கும். ஊர் வெயிலில் அது இல்லாமலே வண்டி ஓடும். இங்கே குளிர்காலத்தில் அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடு பிடிக்காது, ஹீட்டரில் வெறும் குளிர்காற்றுத்தான் வரும். இது தெரியாதவனா நான்? "குளிர் தொடங்க முதல் புதுசு போட்டுத் தாறன் அண்ணை" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

குளிர் தொடங்கிவிட்டது. அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி, முழங்காலுக்குக் கீழை எனக்குக் கால் இருக்கோ எண்டே தெரியேல்லை. அந்த வால்வைப் போட்டு விடன்."

"எத்தினை டிகிரி போடுறது எண்டு யோசிக்கிறன் அண்ணை."

அது பொய் இல்லை. எத்தனை டிகிரியில் திறக்கும் என்பதைப் பொறுத்து எழுபத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்தெட்டு என்று மூன்று வகை அந்த லொறிக்குக் கிடைக்கும். எழுபத்தொன்று குளிருக்கு உதவாது. எண்பத்தெட்டு போட்டால் ஹீட்டர் நன்றாகச் சுடும், ஆனால் அண்ணையின் ரேடியேட்டர் பாதி அடைத்துப்போனது, பாரத்தோடு ஏற்றம் ஏறினால் கொதித்துவிடும். "எண்பத்தெட்டைப் போடு, கொதிச்சால் கொதிக்கட்டும்" என்றார் அண்ணை. கிழட்டு வண்டிக்கு எண்பத்திரண்டுதான் சரி என்று நான் விளக்கம் சொல்லி, அதையே வாங்கினேன். வாங்கி, பெட்டியோடு கராஜில் தேத்தண்ணீர்க் கேத்திலுக்கு மேலே தட்டில் வைத்தேன். பதினொரு நாள் அது அங்கேயே இருந்தது. ஒரு மணித்தியால வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தேன். அண்ணை என்றால் கோபிக்கமாட்டார் என்ற துணிவுதான், வேறொன்றும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் பனி கொட்டியது. அண்ணை இல்ஃபோர்டில் ஒரு கடைக்குப் பின்னால் லொறியை நிறுத்திவிட்டுக் கடைக்காரருக்காகக் காத்திருந்திருக்கிறார். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கடைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினால் ஆள் அசையவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை, ஒருவருக்கும் வால்வு விஷயம் தெரியாது.

ஆறு நாள் கழித்து லொறியை எடுத்துவர நான்தான் போனேன். நல்ல பகல், மத்தியானம். முன் கண்ணாடியில் பனி கட்டிபட்டிருந்தது, சுரண்டித்தான் எடுத்தேன். ஸ்டார்ட் ஆனது. ஹீட்டர் வேலை செய்யாது என்று தெரிந்ததால் கையுறையைப் போட்டுக்கொண்டேன், பழக்கத்தில் விசிறியையும் தட்டிவிட்டேன். நம்பினால் நம்புங்கள், இரண்டு நிமிடம் ஆகவில்லை, கால்மாட்டில் சூடான காற்று வந்தது. புது வண்டியில்கூட அந்த நேரத்துக்குள் வராது. சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்தேன், எண்பதை ஒரு மயிரிழை தாண்டி நின்றது, சிவப்பு லைட்டிலும் அசையவில்லை, ஓட்டத்திலும் அசையவில்லை. எனக்கு வேர்த்து, ஜாக்கெட்டைக் கழற்றினேன். "அண்ணை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கராஜுக்கு வந்ததும் பொனட்டைத் திறந்து ரேடியேட்டர் குழாயைப் பிடித்தேன். பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. ஹீட்டருக்குப் போகிற குழாயும் அப்படித்தான். வால்வு இருக்கிற மூடியின் போல்ட்டுகளை வெறுங்கையால் கழற்றினேன், கை சுடவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை, நான் கோடையில் வெறுமையாக விட்டது அப்படியே இருந்தது. முள்ளில் பிழையோ என்று அதன் சென்ஸரைச் சுடுதண்ணீரில் போட்டுத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். அதுவும் சரியாகத்தான் வேலை செய்தது.

அன்று மாலையே அண்ணையின் வீட்டுக்குப் போனேன். வால்வுப் பெட்டி என் ஜாக்கெட் பொக்கற்றுக்குள் இருந்தது. புவனமக்காவிடம், அதுதான் அண்ணையின் மனைவியிடம், எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று போனேன். நான் வாயைத் திறக்க முதல் அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

"அண்டைக்கு மூண்டு மணிக்குப் போன் எடுத்தவர் தம்பி. 'அவன் எனக்குச் சொல்லாமலே வால்வைப் போட்டிட்டான் போலை, இண்டைக்கு வீட்டுக்குள்ளை இருக்கிற மாதிரிச் சூடு, கொஞ்சம் கண்ணயரப் போறன்' எண்டவர். அவர் குளிரிலை கிடந்து போகேல்லை. அது ஒண்டுதான் எனக்கு ஆறுதல்."

நான் "ஓம் அக்கா" என்றேன். பெட்டியைப் பொக்கற்றுக்குள் இறுக்கிப் பிடித்தபடி, ஓம் என்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் நடந்துகொண்டதில்லை.

கார் திருத்த வருகிற தமிழ்நாட்டு டொக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ரொம்ப குளிர்ல இருந்தா கடைசியில உடம்பு சூடா இருக்கற மாதிரி தோணும். அதுதாங்க" என்றார். அது அண்ணைக்குச் சரி, எனக்கு ஏன் வேர்த்தது என்று கேட்டேன். பில்லைக் கேட்டார்.

லொறியை நானே வாங்கிக்கொண்டேன், வேறு யாருக்கும் விட மனம் வரவில்லை. எண்பத்திரண்டையும் போட்டேன். ஒரு வருடம் முடிந்து வந்த ஆட்டைத் திவசத்தில் அக்கா, "வால்வு போட்டுக் குடுத்த தம்பிக்கு முதல் இலையைப் போடுங்கோ" என்றார். தின்றேன். இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை.

இப்போது லொறியில் ஒரு குறையும் இல்லை. இருபது நிமிடத்தில் முள் எண்பத்திரண்டில் வந்து நிற்கும், காற்று சுடும், பக்கத்தில் ஏறுகிறவர்கள் ஐயோ வெக்கை என்று ஜன்னலை இறக்குவார்கள். எனக்கு மட்டும் அந்த வண்டியில் இருந்தால் முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரிவதில்லை.