அட்டையில் இல்லாத வரிகள்

அண்ணன் இறந்த மூன்றாவது வாரம், அவனுடைய அட்டையைக் கிழித்துப் போட வேண்டும் என்றுதான் அலமாரியைத் திறந்தேன்.

அது வாக்குத்தத்த அட்டை. எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து எடுத்து வருவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம் இருக்கும். நம் கைக்கு வருவதுதான் அந்த வருஷம் முழுவதற்கும் கடவுள் நமக்குத் தந்த வாக்கு என்பார்கள். அண்ணன் எடுத்த அட்டையில், உங்களுக்குத் தீமையை நினைக்கவில்லை, நல்லதைத்தான் நினைத்திருக்கிறேன் என்று கடவுள் சொல்கிற வசனம் வந்தது.

அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அம்மா அந்த அட்டையைக் கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் பண்ணி அவன் கட்டிலுக்கு மேலே ஒட்டினார்.

"கடவுளே சொல்லிட்டாரு லா. இனிமே என்ன பயம்?" என்றார்.

"எனக்குச் சொல்லிட்டாரும்மா. என் கிட்னிக்குச் சொன்னாரா? அதுக்கும் ஒரு காப்பி லேமினேட் பண்ணு" என்றான் அண்ணன். அம்மா அவன் தோளில் அடித்தார். நாங்கள் மூவரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் மொத்தமே மூன்று பேர்தான்.

எட்டாவது மாதம் அவனுக்கு ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். பத்தாவது நாள் இல்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, சபையில் ஜெபக் கூட்டம் நடத்துகிற ஆண்ட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வாக்குத்தத்தம் பொய்யாகாதும்மா. நம்ம விசுவாசம்தான் எங்கயோ கொறஞ்சிருச்சு." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரும் அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் அம்மா அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டார். அதன் பிறகு ரொம்ப நாள் அவர் அழுது நான் பார்க்கவில்லை.

சபைக்குப் போவதையும் நிறுத்தினார். இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதையும் நிறுத்தினார். என் வேலைச் சட்டையை நான் சுருக்கத்தோடு போட்டுக்கொண்டு போனேன். பிரஷர் மாத்திரை டப்பாவில் அப்படியே இருந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏம்மா மாத்திர போடல?"

"எனக்கு எதுக்கு மாத்திர?"

"இப்படிப் பேசாதம்மா."

அம்மா டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். "அவன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப, நாலாவது நாள் நான் வீட்டுக்கு வந்தேன்ல, குளிக்க? அப்ப அவனோட வெள்ளச் சட்டைய எடுத்து அயர்ன் பண்ணி மடிச்சு வச்சேன்."

அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அவனைப் பெட்டியில் வைத்தோம்.

"நம்பிக்க இருக்கிறவ அத செய்வாளா? கடவுள் குடுக்க இருந்தாரு. நான்தான் கெடுத்துட்டேன்."

நான் ஃபார்ம் த்ரீயோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள். வேதம் படித்தவர்கள் சொன்னதை மறுத்துப் பேச எனக்கு என்ன தெரியும்? கோபம்தான் வந்தது. அடக்கத்துக்குப் பிறகு அம்மா சுவரிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்திருந்த அட்டையை அதனால்தான் கிழிக்கப் போனேன். ஆனால் லேமினேட் பண்ணிய அட்டை அவ்வளவு சுலபத்தில் கிழியாது. வளைத்தேன், இழுத்தேன், பல்லால் கடித்தும் பார்த்தேன். அப்போதுதான் கீழ் மூலையில் அந்த வசனம் வேதத்தில் எந்தப் புத்தகம், எந்த அதிகாரம் என்று குட்டி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். எட்டு மாதம் அது எங்கள் சுவரில் இருந்தது. ஒருவர்கூட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் வேதத்துக்கு ரொம்ப மரியாதை. தரையில் வைக்க மாட்டோம். அதன் மேல் வேறு எதையும் வைக்க மாட்டோம். அண்ணனுடையது ஜிப் போட்ட தோல் உறைக்குள் இருந்தது. திறந்தபோது பக்கங்களின் தங்க ஓரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கடவுள் பொய் சொல்லியிருக்கிறார் என்று கண்டுபிடிக்கத்தான் படிக்க ஆரம்பித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

எனக்கு வேலை பத்து காவானில், ஒரு தொழிற்சாலையில் பேக்கிங். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். எங்கள் தீவிலிருந்து கடலைத் தாண்டி அங்கே போகிற இரண்டாவது பாலம் நீளமானது, அதில்தான் படித்தேன். படித்தால் தலை சுற்றும். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம் படித்த தமிழை வைத்துக்கொண்டு அந்தப் பழைய தமிழைப் படிப்பது கல்லுக்குள் போவது மாதிரி இருந்தது. ஒரு அதிகாரத்துக்கு நாலு நாள் ஆனது. வேன் ஓட்டுகிற அண்ணன் நிபோங் திபால் ஊர்க்காரர், இந்து. டாஷ்போர்டில் முருகன் படம் வைத்திருப்பார். நான் முன் சீட்டில் உட்காருவதால் என்னைச் சும்மா விட மாட்டார்.

"என்ன தங்கச்சி, பரீட்சையா? வாந்தி எடுத்தா நீதான் கழுவணும்."

"இது ஒரு லெட்டர்ண்ணே."

"யாருக்கு?"

அதுதான் எனக்கும் ஆச்சரியம். என் அண்ணனுக்கு வந்தது என்று நாங்கள் நினைத்த அந்த வரி, ஒரு கடிதத்தின் நடுவில் இருந்தது. சண்டையில் தோற்று, பிடித்துக்கொண்டு போகப்பட்டு, வேறு நாட்டில் கிடந்த ஜனங்களுக்கு ஒரு தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், அந்த ஊர் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள் என்று இருந்தது. எழுபது வருஷம் கழித்துத்தான் உங்களைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரிதான் எங்கள் அட்டை.

வேன் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் ஸ்டீரிங்கில் விரலால் தட்டிக் கணக்குப் போட்டார்.

"எழுபது வருஷமா? அப்ப அந்த லெட்டர வாங்குன ஆளுங்க?"

"பாதிப் பேருக்கு மேல அங்கயே செத்திருப்பாங்கண்ணே. எங்க அண்ணன் வயசுல ஒருத்தன் வாங்கியிருந்தா, தொண்ணூத்தேழு வயசு ஆயிருக்கும்."

"அப்ப பொய்யா?"

"இல்லண்ணே. அவங்களுக்கு எழுபது வருஷம் ஆகும்னு மொதல்லயே சொல்லிட்டாரு. எங்களுக்குத்தான் யாரும் அந்த வரிய அட்டையில போடல."

அவர் கியரை மாற்றினார். "எங்க பாட்டன்கிட்ட மூணு வருஷத்துல ஊருக்குத் திரும்பிடலாம்னு சொல்லித்தான் கப்பல்ல ஏத்தி இந்த நாட்டு ரப்பர் எஸ்டேட்டுக்குக் கூட்டியாந்தானுங்க" என்றார். "எழுபதுன்னு சொல்லியிருந்தா, மனுசன் மொதல் வருஷமே கூரைய ஒழுங்கா போட்டிருப்பாரு."

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் படித்தேன். காலையில் நான் தாண்டிப் போன இன்னொன்று கண்ணில் பட்டது. உங்களை ஏமாற்றுகிற தீர்க்கதரிசிகளையும் அவர்கள் சொல்கிற கனவுகளையும் நம்பாதீர்கள் என்று அதே கடிதத்தில் இருந்தது. யார் அவர்கள், என்ன சொன்னார்கள் என்று பார்க்க ஒரு அதிகாரம் பின்னால் போனேன். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கடவுள் பேரில் சொன்ன ஒருவன் அங்கே இருந்தான். சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழு அதிகாரத்தையும் வாசித்தேன். தடுக்கித் தடுக்கித்தான் வாசித்தேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வருஷம் என்று வந்ததும் திரும்பினார்.

"எத்தன?"

"எழுபது."

"இத ஏன் யாரும் சொல்லல?"

"நாமளும் பாக்கலம்மா."

கடைசிவரை வாசிக்கச் சொன்னார். முழு மனசோடு தேடினால் என்னைக் கண்டுபிடிப்பீர்கள் என்ற இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பாத்தியா, முழு மனசுன்னு இருக்கு. எனக்கு முழு மனசு இல்ல. நான் சட்டைய எடுத்து வச்சேன்."

அந்த இடத்தை அவர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. மறுபடியும் வாசித்தேன், மெதுவாக.

"தேடினா என்னையக் கண்டுபிடிப்பீங்கன்னு சொல்றாரும்மா. தேடினா ஒடம்பு சரியாகும்னு சொல்லல. நம்பிக்க கொறஞ்சா ஒன் புள்ளைய எடுத்துக்குவேன்னும் சொல்லல. எங்க இருக்கு அது? காட்டு."

அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. ஆனாலும் புத்தகத்தை வாங்கி முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினார். உண்மையிலேயே தேடினார். ரொம்ப நேரம் ஆனது.

"இல்ல" என்றார். பிறகு அழுதார். நானும் அழுதேன்.

கடவுள் அண்ணனை ஏன் எடுத்துக்கொண்டார் என்று அந்த அதிகாரத்தில் இல்லை. வேறு எங்காவது இருக்கிறதா என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன். சில நாள் கோபத்தோடு மூடிவிடுவேன். ஆனால் எனக்கு இது ஒன்று தெரிந்துவிட்டது. முத்தம் கொடுத்து உயரத்தில் வைத்திருந்த புத்தகத்தை நாங்கள் படித்திருந்தால், ஆண்ட்டி சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக என் அம்மா தன் பிள்ளையைக் கொன்றவளாகத் தன்னை நினைத்திருக்க மாட்டார். படிக்காதவர்களிடம் யார் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தபோது இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. அம்மா தன் புடவையைத் தேய்த்து முடித்து, என் ப்ளவுசை எடுத்தார். "இது என்ன கோலம், எருமை மிதிச்ச மாதிரி" என்று திட்டினார். மாத்திரை டப்பாவில் அன்றைய மாத்திரைக்கான அறை காலியாக இருந்தது.

சபை வாசலில் அந்த ஆண்ட்டி ஓடி வந்து கட்டிப்பிடித்தார். அம்மா அவரைக் கோபிக்கவில்லை. பையிலிருந்து அண்ணனின் வேதத்தை எடுத்து ஜிப்பைத் திறந்தார்.

"அக்கா, என் மவனோட அட்டையில வந்த வசனம் இருக்கே, அந்த அதிகாரத்த முழுசா படிச்சிருக்கீங்களா?"

"முழுசான்னா... எத்தனாவது வசனத்துலருந்து?"

"மொதல் வசனத்துலருந்து."

ஆண்ட்டி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு கைப்பைக்குள் கையை விட்டு மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. இருவரும் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.