அங்கே ஆள் இருக்கு

ஆட்களின் காலைப் பார்த்துத்தான் தீமியோஸ் படகில் இடம் சொல்வார். முகத்தைப் பார்ப்பதில்லை. கெண்டைக்கால் பருத்தவர் நடுவில், மெலிந்தவர் ஓரத்தில். "நீங்க இப்படி வாங்க. அம்மா, நீங்க எதிர்ப்பக்கம். கோவிச்சுக்காதீங்க. உங்களையும் உங்க வீட்டுக்காரரையும் ஒண்ணா வச்சா, படகும் வீடு மாதிரி உங்க பக்கமே சாஞ்சுடும்." பெண்கள் சிரிப்பார்கள். கணவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரிவதற்குள் கயிற்றை அவிழ்த்திருப்பார்.

அறுபதைத் தாண்டியவர். குள்ளம். காலமெல்லாம் கோல் ஊன்றியதில் வலது தோள் தடித்துப்போயிருக்கிறது. சட்டைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் முதலில் கிழியும். செருப்பைப் படகில் ஏற்றமாட்டார்; தொப்பியைத் தலையிலிருந்து எடுக்கமாட்டார். காதிடுக்கில் எப்போதும் ஒரு சிகரெட் இருக்கும். புகைப்பதை விட்டு வெகுகாலமாகிறது. பிறகு எதற்கு அது என்று பொலிக்சேனி ஒருமுறை கேட்டாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும் பொண்ணே. உன்னைக் கடிச்சுதா?"

பொலிக்சேனி, அவருடைய கூட்டாளி ஸ்தாதிஸின் மகள். பாத்ரா நகரத்தில் வடிகால் பொறியாளர். படகு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. முன்பக்கக் கோல் ஸ்தாதிஸ், பின்பக்கக் கோல் தீமியோஸ். மீன் குறைந்தபிறகு, பறவை பார்க்க வருகிறவர்களைக் காயலுக்குள் அழைத்துப்போகத் தொடங்கினார்கள். என்ஜின் சத்தத்துக்குப் பறவை எழும்பும் என்று அதைக் கழற்றிக் கொட்டகையில் போட்டவர் ஸ்தாதிஸ். பேச்சும் அவர் பொறுப்புதான். எந்தப் பறவை, எங்கிருந்து வருகிறது, எப்போது போகும், எல்லாம் அவர் சொல்வார். தீமியோஸ் பின்னால் நின்று நடுநடுவே கிண்டல் செய்வார். ஆகஸ்டில் ஸ்தாதிஸ் இறந்தார். நுரையீரல்.

தொப்பியைக் கழற்றிவிட்டுச் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் தீமியோஸும் ஒருவர். அதோடு சரி. அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நாற்பதாம் நாள் வழிபாட்டுக்கும் வரவில்லை; அன்று சவாரி இருந்ததாம். ஸ்தாதிஸ் எங்கே என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஒரே பதில்: "டவுனுக்குப் போயிருக்கான். வேலை." உள்ளூரில் யாரும் திருத்துவதில்லை. காபிக்கடையில் ஒருவன் மட்டும், "என்ன தீமியோ, உன் கூட்டாளி இன்னும் டவுன்லேருந்து வரலையா?" என்று கேட்டான். தீமியோஸ் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து, "உன் பொண்டாட்டி அவ அம்மா வீட்லேருந்து வந்துட்டாளா?" என்றார்.

ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு பயணிகளை ஏற்றக் கூடாது என்பது படகுத்துறை அதிகாரிகளின் விதி. நடந்ததை நினைத்து, மாதக் கடைசிவரை கண்டுகொள்ளாமல் இருக்கிறார்கள். அதற்குள் முன்பக்கத்துக்கு ஒருவர் வராவிட்டால் படகைக் கரையேற்ற வேண்டியதுதான். தீமியோஸுக்கு வேறு பிழைப்பு இல்லை. உப்பளத்தில் வேலை பார்த்த லாம்பிஸ் வரத் தயார். அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில் பொலிக்சேனி அதைச் சொல்லத்தான் வந்தாள். அவர் படகில் தேங்கிய தண்ணீரை டப்பாவால் இறைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, லாம்பிஸ் நாளைக்கு வரேங்கிறான்."

"வரட்டும். காபி போட்டுக் குடுப்போம்."

"முன்னாடி நிக்கறதுக்கு."

"அங்க ஆள் இருக்கு."

குரல் உயரவில்லை. இறைப்பதும் நிற்கவில்லை.

"பாதிப் படகு இப்போ என்னுது மாமா. நானும் ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"தாராளமா. உன் பாதியில உக்காந்து சொல்லு. இந்தப் பாதி ஈரமா இருக்கு."

அதற்குள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். அவர்களில் யானினாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் ஏற்கெனவே வந்து போனவள். கால் வைக்கும்போதே கேட்டாள்: "முன்னாடி நின்னு பேசிட்டே வருவாரே, அவர் எங்க?"

"டவுனுக்குப் போயிருக்கான். வேலை."

"இவங்க?"

"இஞ்சினியரம்மா. காயல்ல எவ்வளவு தண்ணி இருக்குன்னு அளக்க வந்திருக்கு. இன்னும் எண்ணி முடிக்கலை."

சிரித்தார்கள். பொலிக்சேனி கறுப்புச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நடுப்பலகையில் உட்கார்ந்தாள்.

மரக்கால்களில் நிற்கும் குடிசைகளைத் தாண்டியதும் ஆழம் இடுப்பளவுதான். தண்ணீர் அசையவில்லை. தூரத்தில் பூநாரைகள் நின்றன. இப்போது பேச வேண்டியதும் தீமியோஸ்தான். அவருக்குப் பறவைகளைப்பற்றி ஒன்றும் தெரியாது.

"ஏன் ஒத்தைக்கால்ல நிக்குது?" என்று பெரிய கேமரா வைத்திருந்தவர் கேட்டார்.

"இன்னொண்ணை மடிச்சு வச்சிருக்கு. நாளைக்குப் போட்டுக்க."

"அந்தச் சாம்பல் நிறத்துல இருக்கறது?"

"குஞ்சுங்க. இன்னும் வெக்கப்படக் கத்துக்கலை."

பெரியவற்றின் சிவப்பு தின்னும் இரையிலிருந்து வருவது என்று ஸ்தாதிஸ் சொல்லியிருப்பார்.

மீன் பிடிக்கும் நாணல் வேலியருகே கூழைக்கடாக்கள் கூட்டமாக இரை தேடிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்தன. கேமராக்கள் உயர்ந்தன. தீமியோஸின் கண்ணில் பட்டவை நீர்க்காகங்கள் மட்டும். படகுத் தொழிலுக்கு வருமுன், முப்பது வருடம் இந்த வேலியில் காவல் இருந்தவர் அவர். மடவை மீனைத் தின்ன வரும் நீர்க்காகத்தை விரட்டுவதுதான் காவல். கோலை ஓங்கினார். ஒரு கணம் அப்படியே பிடித்திருந்தார்; எதையோ கேட்கக் காத்திருப்பவர் போல. பிறகு தண்ணீரின் மேல் படுக்கையாக ஓர் அடி. படார். கூழைக்கடா, நீர்க்காகம், பின்னால் நின்ற கொக்குகள், எல்லாம் ஒன்றாக எழும்பிப் போயின.

"ஏங்க, ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன்" என்றார் கேமராக்காரர்.

"மன்னிச்சுக்கணும் சார். கை தானா பண்ணிடுச்சு." பிறகு, தனக்குள், "திருட்டுப் பசங்க."

ஸ்தாதிஸ் இருந்தபோது இது நடக்காது. வேலி நெருங்கும்போதே, திரும்பிப் பார்க்காமல், "தீமியோ" என்று மட்டும் சொல்வார். அடி விழாது. அந்த ஒரு கணம் அவர் எதற்காக நின்றார் என்பது படகில் பொலிக்சேனிக்கு மட்டும் தெரிந்தது. அவள் அடுத்து வந்த வேலிவரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது மேல்காற்று எழுந்தது. பின்னாலிருந்து ஒரே கோலால் தள்ளும் தட்டைப் படகுக்குப் பக்கவாட்டுக் காற்று ஆகாது. படகின் மூக்கு விலகிக்கொண்டே போனது. தீமியோஸ் ஊன்றி நிமிர்த்துவார்; அடுத்த கோலுக்குள் மறுபடி விலகும். வேலியின் குச்சிகள் படகின் விலாவில் உரசின. யானினா அம்மாள் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பொலிக்சேனி எழுந்து முன்னால் போய், ஓரத்தில் கட்டியிருந்த கோலை அவிழ்த்தாள்.

"அதைத் தொடாதே. அவனோடது."

"குச்சி படகைக் குத்திடும் மாமா."

ஒரு குச்சி முறிந்தது.

"சரி, எடு. அவன் வந்தா நான் சொல்லிக்கறேன்."

அவள் ஊன்றினாள். சேறு கோலை விடவில்லை. அவளையும் சேர்த்து இழுக்கப் பார்த்தது. "முறுக்கு, பொண்ணே, முறுக்கு. திருகிட்டு இழு. ஊர் சாக்கடைக்கெல்லாம் வழி பண்றவளுக்கு இந்தச் சேறு வழி விட மாட்டேங்குது பாரு." அவள் திருகி இழுத்தாள். கோல் வந்தது. மூக்கு நேரானது. துறைவரை இரண்டு கோலும் மாறி மாறி விழுந்தன. கையில் கொப்புளம் கண்டிருந்ததை அவள் பிறகுதான் பார்த்தாள். வழியில் தீமியோஸ் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

துறையில் எல்லோரும் இறங்கினார்கள். கேமராக்காரர் கைகூடக் குலுக்கிவிட்டுப் போனார். பொலிக்சேனி கயிற்றைக் கட்டக் குனிந்தாள். "மாமா, லாம்பிஸுக்கு நான் என்ன சொல்லட்டும்? ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பணும்."

"ஸ்தாதிஸ் வரட்டும். கேட்டுச் சொல்றேன்."

யானினா அம்மாள் தன் காரிலிருந்து திரும்பி வந்தாள். கையில் ஒரு காகிதப் பை.

"மலைத் தேயிலை. நானே பறிச்சுக் காயவச்சது. ஏப்ரல்ல வந்தப்போ அவர் ஓயாம இருமிட்டிருந்தார். பேசறதை நிறுத்தவும் மாட்டேன்னுட்டார், பாவம். கொதிக்கவச்சு, தேன் விட்டு, படுக்கறப்போ குடிக்கச் சொல்லுங்க. இப்போ இருமல் தேவலையா?"

"டவுனுக்கு" என்று தீமியோஸ் ஆரம்பித்தார்.

"தெரியும், சொன்னீங்களே. வந்ததும் குடுத்துடுங்க. அவர் கையிலேயே குடுக்கணும், நீங்க குடிச்சிடக் கூடாது." நீட்டிய பை அப்படியே இருந்தது.

தீமியோஸின் கை பாதி எழுந்து நின்றது. பொலிக்சேனி நிமிர்ந்தாள். அவளே சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். புருவம்வரை வெயிலில் கறுத்த முகம். அதற்கு மேல் நெற்றி, வெளிச்சமே படாத வெள்ளை. தொப்பியை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாள் புரிந்துகொள்ளும்வரை அப்படியே நின்றார்.