தாலம் பிடிக்கப் போன கடைக்காரி

இன்று வெள்ளறடையில் பெண் தொழில்முனைவோர் சந்தை. லீலா அக்கா தன் விளையில், வீட்டுத் தோட்டத்தில், பறித்த மரச்சீனிக் கிழங்கை அவித்து, சாளை மீன் கறியோடு முதன்முதலாகக் கடை போட்டிருந்தார். சாப்பிடப் போனேன். கடையில் அவர் இல்லை.

மற்றக் கடைக்காரப் பெண்களோடு வாசலில் வரிசையாக நின்றார், கையில் தாலம் எனும் பூத்தட்டு. சந்தையைத் திறந்துவைக்க வரும் விருந்தினருக்குத் தாலப்பொலி வரவேற்பாம்.

"அக்கா, சாப்பிட வந்தவங்க எல்லாம் திரும்பிப் போறாங்க."

"தெரியும் மக்கா. தாலம் பிடிக்காட்டி அடுத்த சந்தையில எடம் கெடையாதாம். அதாக்கும் நிக்கேன்."

அப்படிச் சொன்ன அமைப்பாளரிடமே போய்க் கேட்டேன். சிரித்தார்.

"கொஞ்ச நேரம் நின்னா என்ன கொறஞ்சு போச்சு? பெண்ணுங்க நின்னாத்தானே ஐசுவரியம்?"

விருந்தினர் மதியம் தாண்டி வந்தார். பெண்கள் முன்னேற வேண்டும் என்று நெடுநேரம் பேசினார். படத்துக்காக மரச்சீனித் தட்டைக் கையில் வாங்கினார். சாப்பிட நேரமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குள் பானையிலிருந்த மரச்சீனி ஆறி விறைத்திருந்தது.

"இனி மாட்டுக்குத்தான்" என்றார் லீலா அக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையிலிருந்து பந்தலில் சும்மா உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோருக்கும் இரண்டு கை இருந்தது. அடுத்த முறை பூத்தட்டை அவர்கள் பிடிக்கட்டுமே.

ஐசுவரியம் குறைந்துவிடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.