அலமேலு அக்கா கேட்ட இரண்டு நாள்

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். என் மகள் யாழினி தூங்கினால்தான் என் கைகள் எனக்குக் கிடைக்கின்றன. நம் பெற்றோர் குழுவில் இருப்பவர்களுக்கும், அலமேலு அக்காவைப் பார்த்தே இராத புதிய பயிற்சியாளர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை யாழினிப் பாப்பாவின் கால்களைப் பயிற்சிக்காக எண்ணி எண்ணி நீட்டி மடக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்காவின் கொழுந்தனார். "எங்க அண்ணி பூட்டாங்கம்மா" என்றார். மஞ்சள் காமாலையில் அக்கா போய்விட்டார். நான் பாப்பாவின் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். எண்ணிக்கையை விட்டுவிட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அக்காவை முதலில் பார்த்தது மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜமுனாமரத்தூரில், நடக்க, உட்கார முடியாத பிள்ளைகளுக்கான நம் பயிற்சி மையத்தில். நான் ஆலங்காயத்தில் பிறந்து, பி.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவள். அவர் உள்கிராமத்தில் சாமை விதைப்பவர். கணவர் கேரளாவில் தோட்ட வேலையில். மகன் கோவிந்தனுக்கு அப்போது ஒன்பது வயது. கழுத்து நிற்கும், இடுப்பு நிற்காது. மையத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி மர நாற்காலி கொடுத்திருந்தார்கள். "தினமும் உக்கார வைக்கிறீங்களா?" என்று தெரபி சார் கேட்டார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நான் பொய்யாகத்தான் ஆட்டினேன்.

"இல்ல சார்" என்றார் அக்கா. "எங்க வூட்ல எல்லாரும் கீழ உக்காந்து துன்றோம். இவன் மட்டும் சாமி மாதிரி ஒசரத்துல உக்காந்திருக்கான். எட்டி எட்டி ஊட்டி என் இடுப்பு போச்சி. கீழ வுட்டா சிரிக்கிறான், மேல வெச்சா அழுவுறான்."

"அப்ப எப்டி செய்யணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் சார். கோபமாகத்தான் சொன்னார். அக்கா அதைக் கோபம் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. தரையில் உட்கார்ந்து கையால் ஒரு சாண் அளந்து காட்டினார். "இம்மாம் ஒசரம் போதும். முதுகுக்குப் பலகை இருக்கட்டும். காலை அறுத்துடுங்க."

சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த வாரமே அந்த வீட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்து, கோவிந்தன் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். தச்சரை வைத்து நாற்காலியின் காலை அறுத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த மாதக் கூட்டம் வந்தது: பெற்றோர் நான்கு பேர், ஊழியர் நான்கு பேர், இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளாமல் எந்தப் பிள்ளைக்கும் எதையும் முடிவு செய்வதில்லை. படித்தவள் என்று குறிப்பு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

முதல் கூட்டத்தைப் பத்து மணிக்கு வைத்திருந்தார்கள். அக்கா வந்து சேரும்போது பாதி முடிந்திருந்தது. "பதினோரு மணி பஸ்ல வர்றவளுக்குப் பத்து மணிக்கு மீட்டிங் வெச்சா, அது எனக்கு வெச்ச மீட்டிங் இல்ல" என்றார். நான், 'கூட்ட நேரம் குறித்துப் பெற்றோர் தங்கள் கருத்தைத் தெரிவித்தனர்' என்று எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "ஏம்மா, படிச்ச பொண்ணு! என் வாய்க்குப் பவுடர் பூசிட்டியே! நான் இன்னா சொன்னனோ அத்தயே எழுது."

அடித்துவிட்டு எழுதினேன். அடுத்த கூட்டம் பன்னிரண்டு மணிக்கு வைக்கப்பட்டது. அன்றிலிருந்து நான் முழுக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் அக்கா கைநாட்டு வைப்பார்.

ஒரு தடவை தவிர.

சென்ற மழைக்காலத்தில், கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்துவிட்ட நேரம். அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். "எங்களுக்கு ஒடம்புக்கு வந்தா புள்ளய யாரு பாக்குறது? ரெண்டே நாளு. யாராச்சும் ரெண்டு நாளு வெச்சிக்கிட்டா நாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வருவோம். அத்த எழுது." பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் 'இதர' என்ற தலைப்பின் கீழ், 'பெற்றோர் உடல்நலம் குறித்துப் பேசப்பட்டது' என்று எழுதினேன். "படிக்கட்டுமா அக்கா?" என்றேன்.

"வேணாம், நீ இப்பல்லாம் சரியாத்தான் எழுதற" என்று கைநாட்டு வைத்துவிட்டு, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

அடுத்த இரண்டு கூட்டங்களிலும் நேரம் போதவில்லை. 'இதர' பற்றிய பேச்சு வரவே இல்லை.

போன மாதக் கடைசியில் போனில் அவர் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது. சோறு இறங்கவில்லை, கண் மஞ்சளாக இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "இவன யாருகிட்ட வுட்டுட்டுப் போறது? நீ வெச்சிக்கிறியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "பாப்பாவுக்கே என் ரெண்டு கை போதல அக்கா" என்றேன். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

செவ்வாய் மதியம் போனேன். அக்காவைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் கால் அறுத்த அந்த நாற்காலியில் கோவிந்தன். அந்த உயரத்துக்கு அவன் கை அம்மாவின் தோளுக்குச் சரியாக எட்டியது. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவன் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான், பசித்தால் தட்டுவதுபோல.

போய் வாருங்கள் அக்கா. அந்தப் பழைய பக்கத்தை நான் திருத்தவில்லை. அதில் உங்கள் கைநாட்டு இருக்கிறது. புதிய பக்கத்தில், முதல் பொருளாக, நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அக்கா இல்லாததால் இந்த மாதம் கூட்டம் வேண்டாம், மையமே முடிவு செய்து சொல்லிவிடும் என்று ஒரு பேச்சு வருகிறது. அப்படி விட்டால் இனி கூட்டமே இருக்காது என்று பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நான் வந்து உட்கார்ந்திருப்பேன். உடம்புக்கு முடியாத ஒரு தாயின் பிள்ளையை இரண்டு நாள் வைத்துக்கொள்ள உங்களால் முடியுமா? ஊழியர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். என் வீட்டில் முடியும் என்று என் பெயரை எழுதிவிட்டேன். எப்படி முடியும் என்று தெரியவில்லை. முடியாது என்றாலும் முடியாது என்றே எழுதுங்கள், அப்படியே குறித்துக்கொள்கிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.